கடைசித் தொடுதல்

மின்சாரம் பாய்ந்ததும் ரிலே என்னும் மின்விசைச் சுவிட்சுக்குள் இருக்கும் சின்னத் தகடு எதிர்முனையில் போய் ஒட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. நொடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு எண்ணும் எலக்ட்ரானிக் கவுண்டர் அவள் மேசையில் இருந்ததால், தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரோக்கா என்றே பெயராகிவிட்டது.

அன்று காலையிலிருந்தே தோள்பட்டை கடுத்தது. மூன்று தடவை வீட்டைவிட்டுப் போய், மூன்று தடவையும் திரும்பி வந்த கணவர், அவள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டிருந்தார்: "எனக்கும் ஒரு சாவி போட்டுக் குடேன். வெளியாள் மாதிரி வாசல்ல நிக்க வேண்டியிருக்கு."

மதிய இடைவேளையில் சாவி போட்டாகிவிட்டது. கொடுப்பதா என்பதுதான் தெரியவில்லை.

"மைக்ரோக்கா, முடிஞ்சுதா? வண்டி வந்து நிக்குது" என்றான் சூப்பர்வைசர்.

"இல்லப்பா, தகடு குதிக்குது."

"அதான் தொட்டுடுச்சே! கவுண்டரே நின்னுடுச்சு."

"தொட்டா ஆச்சா? எகிறிப் போய்த் திரும்பத் தொடுது. அது அடங்கற நேரத்தைத்தானே வாங்கறவங்க கேட்டிருக்காங்க?"

முதலில் வரும் தொடுதலைக் கண்டுகொள்ளாமல் காத்திருக்கும்படி கவுண்டரை அமைத்தாள். அடுத்த தொடுதலில் நின்றது. காத்திருப்பைச் சிறிது கூட்டினாள். அதற்கும் அடுத்ததில் நின்றது. இன்னும் கூட்டியபோது எண் நிற்காமல் ஓடியது. இனி வருவதற்கு எதுவும் இல்லை. அப்படியானால் அதற்கு முன் வந்ததே கடைசித் தொடுதல். அது அனுமதித்த நேரத்தைத் தாண்டியிருந்தது. பெட்டி முழுவதையும் சுருள்வில் பிரிவுக்குத் திருப்பி அனுப்பினாள். நாளை எல்லாம் அவள் மேசைக்கே திரும்பி வரும்.

"உங்ககிட்ட மாட்டினா ரிலே மட்டுமில்லக்கா, மனுஷனும் தேறமாட்டான்" என்று சிரித்துவிட்டுப் போனான். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சொல் பேருந்தில் வீடுவரைக்கும் கூடவே வந்தது.

மாடிப்படியில் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், ஒழுகும் குழாய்க்கு மாற்ற ஒரு புது வாஷர். ஒவ்வொரு முறையும் மனிதர் உண்மையாகவேதான் வந்தார். சங்கடமே அதுதான். முதல் தொடுதல் ஒன்றும் பொய்யல்ல, நிலைக்கவில்லை, அவ்வளவுதான்.

"சாவி போட்டியா?"

"போட்டாச்சு. கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

மேசையில் என்றால், எண் நிற்காமல் ஓடியதுமே விடை கிடைத்துவிடும். இங்கே அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்; இனி இவர் எகிறிப் போகமாட்டார் என்று யார் வந்து சொல்வது?

"தெரியலைங்க. நகருங்க, கால் வலிக்குது."

பையில் இரண்டு சாவிகள் உரசிக்கொண்டன. பழையதை எடுத்துக் கதவைத் திறந்து, அவர் உள்ளே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.