பார்லித் தண்ணீர் போன இடம்

அம்மாவுக்குச் சிறுநீர்ப்பைப் பரிசோதனை செய்த அன்று, அறைக்கு வெளியே நின்ற என்னிடம்தான் தாதி எல்லாவற்றையும் சொன்னார். சிங்களத்தில், வேகமாக, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, தண்ணீர் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் போகும்போது எரியும், அடிக்கடி வரும், பயப்படத் தேவையில்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வலித்தால் வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைக்கலாம். எரிச்சல் விடாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் திரும்பக் கூட்டி வரவேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, வங்கி எங்கே போனாலும் தலையாட்டுவது என் வேலை.

முச்சக்கரவண்டியில் அம்மா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பினார்.

"என்ன மகன் சொன்னாங்க?"

"தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

துணி விஷயத்தை மருதானை தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். மருதானை போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் முடுக்கு வாசலில் வண்டி நின்றபோதும் அது வாய்க்குள்ளேயே இருந்தது. 'அந்த இடம்' என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சிங்களத்தில் தாதி சொன்ன சொல் எனக்கு விளங்கியது. தமிழில் அதற்கு எனக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு வகை. ஒன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது, அது அம்மாவுக்கு விளங்காது. மற்றது குழாயடிச் சண்டையில் கேட்பது. அதை அம்மாவிடம் சொல்ல முடியாது.

பின்னேரம் ஒருவழியாகச் சொன்னேன். "வலிக்கிற இடத்தில சுடுதண்ணித் துணி வைக்கலாமாம்."

"நல்லதாப் போச்சு" என்று அம்மா துணியை நனைத்துப் பிழிந்து, குப்புறப் படுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டார். இடுப்பும் அவருக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. பிழை என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று விடவும் முடியவில்லை. துணி ஆறியதும் திரும்ப நனைத்துக் கொடுத்தேன்.

பார்லியை நானே காய்ச்சி, செம்பில் ஊற்றி அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். செவ்விளநீர் வாங்கி வந்தேன். தொலைபேசியில் தேடினால் ஒரு பக்கம் தேநீர் குடிக்கலாம் என்றது, இன்னொரு பக்கம் தேநீரே எதிரி என்றது. துறைமுகத்தில் வேலை முடித்து வந்த அப்பாவிடம் கேட்டேன். "நீதானே படிச்சவன், நீயே பாரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

செம்பு ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருந்தது. "குடிச்சீங்களா?" என்றால், "குடிச்சன்" என்பார். ஆனாலும் இருட்டுகிற நேரம் கழிப்பறையிலிருந்து திரும்பியபோது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உதட்டைக் கடித்திருந்த அடையாளம் தெரிந்தது. இத்தனை குடித்தும் ஏன் குறையவில்லை? குழாய் போட்டதில் ஏதாவது பிழையா? அல்லது பார்லி என்று கடைக்காரன் வேறெதையாவது தந்துவிட்டானா? உண்மையாகவே அந்தப் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கே என்னைக் கண்டு நின்றார். சிங்களப் பெண். வீட்டிலிருந்து துணி தைப்பவர், எங்களோடு பழகித் தமிழ் கதைப்பவர். தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் 'மல்லி' என்றே சொல்வார்.

"மல்லி, உங்க அம்மா தந்த பார்லி சரியான நல்லம். இன்னும் இருந்தா என்ட மகளுக்கும் குடுப்பன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போனேன்.

"அம்மா, நேத்து பார்லி குடிச்சீங்களா?"

"குடிச்சன்."

"அக்கே குடிச்சாவாம்."

"ரெண்டு பேரும் குடிச்சம்."

"செவ்விளநீர்?"

அம்மா கூரையைப் பார்த்தார். "அது அவட மகள் குடிச்சிச்சு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். "போனா நெருப்பு மாதிரி எரியுது மகன். குடிச்சாத்தானே போகணும்? குடிக்காட்டி பேசாம இருக்கலாம்."

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுமையாகும், அதனால்தான் கூட எரியும் என்று விளக்கினேன். நான் மனப்பாடம் பண்ணி ஒப்புவிக்கிறேன் என்பது போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது மட்டுமில்ல" என்றார். "குழாயடியில இருக்கிறவளுகள் பார்த்துக்கொண்டே இருக்காளுகள். நேத்து அந்தக் கோடி வீட்டுக்காரி கேக்கிறா, 'என்ன, பாயை எடுத்துக்கொண்டு வந்து இங்கயே படுக்கப் போறியா?' எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க."

எங்கள் முடுக்கில் எல்லா வீடுகளுக்குமாகக் கோடியில் இரண்டு கழிப்பறைகள்தான். அவற்றுக்கு முன்னால் குழாயடி. அங்கே ஆள் இல்லாத நேரம் கிடையாது. அம்மா வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் சமையல் வேலை செய்கிறார். அந்த வீட்டு அம்மா நல்ல மனுஷி, கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் காலையில் போய்ப் பின்னேரம் வரும்வரை அம்மா அந்தக் கழிப்பறைக்குப் போனதே இல்லை என்று அன்றைக்குத்தான் அவரே சொல்லி எனக்குத் தெரியவந்தது. குடிக்காமல் இருப்பது அவருக்கு ஒரு பழகிய வித்தை.

நெற்றியைத் தொட்டேன். சூடா, அல்லது என் கைதான் குளிர்ந்திருக்கிறதா? திரும்பத் தொட்டேன். தெரியவில்லை.

"இப்பிடியே இருந்தா திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும் அம்மா."

அவர் முகம் மாறியது. "போனா திரும்பவும் அந்தக் குழாயப் போடுவாங்களா?"

"தெரியல்ல."

"நீ படிச்சவன்தானே?"

"நான் படிச்சது கணக்கியல் அம்மா."

வெளியே வந்தபோது அக்கே தையல் மெஷினில் இருந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. முழுவதையும் சிங்களத்தில் கொட்டிவிட்டேன், தாதி சொன்ன அந்தச் சொல்லோடு சேர்த்து. தமிழில் தொண்டைக்குள் நின்றது சிங்களத்தில் பருப்பு விலை கேட்பதுபோல இலேசாக வந்தது. ஏன் அப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அக்கே தலையில் கை வைத்தார். "ஐயோ மல்லி! அப்ப நான் குடிச்சது நோயாளிட மருந்தா? சுடுதண்ணி வைங்க. போங்க!"

வெந்நீர்ச் சட்டியை என்னிடம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குசுகுசுப்பு, பிறகு அம்மா "சீ, போங்க!" என்றது, பிறகு இரண்டு பேரும் சிரித்தது எல்லாம் கேட்டது. அக்கே வெளியே வந்து, "துணி இப்ப சரியான இடத்தில இருக்கு" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். "ஆனா அந்தப் பொம்பளைகளுக்கு முன்னுக்கு இனிப் போகமாட்டாவாம். அதுக்கு நீங்க ஒண்டு செய்யுங்க."

என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை. நான் குழாயடிக்குப் போனேன். ஆணியில் தொங்கிய ஒரு கழிப்பறைச் சாவியை எடுத்தேன். கோடி வீட்டுக்காரி குடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, உனக்கும் தொடங்கிட்டுதா?"

"ஓம் அக்கா, வயித்தால போகுது" என்றேன். "இண்டைக்கு முழுக்க இந்தச் சாவி என்னட்ட இருக்கட்டும். யாரும் கேட்டா மற்றத எடுக்கச் சொல்லுங்க."

"கெம்பஸ் போனவனுக்கும் வயித்தால போகுமா?" என்று அவர் கேட்க, குழாயடி முழுக்கச் சிரித்தது. அன்று முழுவதும் அவர்களுக்கு நான்தான் வேடிக்கை. அம்மாவுக்குப் போக வேண்டி வரும்போதெல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவேன். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வெளியே வந்து வாளியில் தண்ணீர் ஊற்றிச் சத்தமாகக் கைகால் கழுவுவேன். "பாவம், மகனுக்காகக் கழுவ வருது" என்று யாரோ சொல்ல, அம்மா துடைப்பத்தோடு உள்ளே போய்த் தன் காரியத்தையும் முடித்துவிடுவார். ஒருவர் மாதுளந்தோல் அவித்துத் தந்தார். ஒருவர் எலுமிச்சம்பழம் பிழிந்த வெறுந்தேநீர் தந்தார். குடிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று எல்லாவற்றையும் குடித்தேன். மாதுளந்தோல் நாக்கை இழுத்துப் பிடித்தது.

பின்னேரம் அம்மா கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தபோது சுவரைப் பிடிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் கேட்கத் தெரியவில்லை.

"இப்ப அவ்வளவு எரியல்ல மகன்" என்றார்.

சந்தோஷப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. முந்தைய நாளும் இதே முகத்தோடுதான் 'குடிச்சன்' என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பயந்து சொல்கிறாரா? நெற்றியைத் தொட்டேன். இந்த முறை குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செம்பை அவரே எடுத்து, பார்லித் தண்ணீரை நிரப்பி, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவது எனக்குத் தெரியும்படி மெதுவாகக் குடித்து முடித்தார்.