பேச்சியம்மா சேலையில போன சொர்ணம் அத்தை

என்னய்யா, எல்லாரும் சுகமா இருக்கியளா? சாப்டாச்சா?

சொர்ணம் அத்தை போயிட்டா. காலைல ஆறுமுகநேரியில, அவ மவ வீட்டுல. காப்பி கேட்டிருக்கா... ஆத்திக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிட்டு.

எங்கப்பா கூடப் பொறந்தவ. தொண்ணூறத் தாண்டியாச்சு, சரியான வயசு யாருக்குந் தெரியாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் பேசப் பேச இந்த போனு எழுதுது. தப்பு கெடந்தா போனத் திட்டுங்க.

கார் வர இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள அவ கதைய சொல்லிருதேன். அவ கதைன்னா எங்கம்மை பேச்சியம்மா சேலையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

வெள்ளக்காரன் சண்டை நடந்த நேரம். துணிக்குக் கூப்பன்... கூப்பன் கையில இருக்கும், கடையில துணி இருக்காது. எங்கப்பா கொழும்புக்குத் தோணியில போனவரு, தோணி அங்கனயே நின்னுட்டு.

தூத்துக்குடியில ஒத்த ரூம் ஓலை வீடு. எங்கம்மை, அத்தை, நான். பொம்பளைய ரெண்டு பேருக்கும் சேத்து வெளிய உடுத்திட்டுப் போக ஒரே ஒரு சேலைதான்... பாக்குக் கலரு.

அத உடுத்திக்கிட்டு எங்கம்மை தும்புக் கிட்டங்கிக்கு, அதான் நாரு குடோனுக்கு, வேலைக்குப் போவா. பனந்தும்ப நீளம் பாத்துப் பிரிச்சுக் கட்டணும், கப்பல்ல ஏத்துறதுக்கு. ஒரு நா மட்டம் போட்டாலும் கணக்கப்பிள்ளை பேர அடிச்சிருவான்.

அத்தைக்கு அப்போ பதினெட்டு இருக்கும். பழந்துணி நாலஞ்சச் சேத்துத் தைச்சு, மாருக்கும் முட்டுக்குமா ஒரு சுத்து. அதோட எப்படி வெளிய வர? விடிஞ்சதுல இருந்து பொழுதடையுற வரைக்கும் கதவச் சாத்திட்டு உள்ளயே கெடப்பா.

பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுவா, "ஏளா சொர்ணம், சந்தைக்கு வாரியா?"

"தலைவலிக்கா."

நெதமும் தலைவலி. அவ ஒரு நா கேக்கா, "உனக்குத் தலை ஒண்ணா, இல்ல ராவணனுக்கு மாதிரி பத்தா?"

எங்கம்மை எந்திக்கது வெள்ளி மொளைக்கும்போது. இருட்டோட தண்ணிக்குப் போணும், அத்தை சுத்துற அந்தப் பழந்துணியவே சுத்திக்கிட்டு. எங்க ஊர் தண்ணிக் கதைய எடுத்தா அது தனி போஸ்ட்டு... விடுங்க. வந்து கஞ்சி வச்சிட்டு, வாசப்படியில உக்காந்து அந்தச் சேலையத் தைப்பா.

வெளக்கு கொளுத்தக் கூடாது. ஜப்பான்காரன் குண்டு போட்டுருவான்னு போலீசு சொல்லிருந்தாவ. கையால தடவித் தடவியே கிழிசலக் கண்டுபிடிப்பா.

நூலு ஏது? அந்தச் சேலை முந்தியில இருந்தே ஒரு இழைய உருவுவா, அதையே கிழிசல்ல ஓட்டுவா. தைச்ச எடம் கண்ணுக்கே தெரியாது... ஆனா ஒவ்வொரு தடவைக்கும் சேலை ஒரு இழை கொறஞ்சிரும்.

தோள்ல மட்டும் ஒட்டு. தும்புக்கட்டு தூக்கித் தூக்கி அந்த எடம் நைஞ்சு போச்சு. எங்கப்பா சட்டைய வெட்டி நீலத் துண்டு வச்சிருந்தா. அவரு மேல உள்ள பிரியமோ, வேற துணி இல்லையோ... நான் கேக்கல.

ஒரு நா சாயங்காலம் அத்தை சொல்லுதா, "மதினி, நாளைக்கு ஒரு நா நான் போறேன். கடலப் பாத்து எட்டு மாசமாச்சு."

கடல் எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரம்.

"கடலு எங்கயும் ஓடிராது. பேர அடிச்சான்னா கஞ்சிக்கு எங்க போவ?"ன்னா எங்கம்மை.

மறுநா எங்கம்மை தண்ணி எடுத்துட்டு வந்து பாக்கா... சேலையும் இல்ல, அத்தையும் இல்ல.

விடிஞ்சிட்டு. தண்ணிக்குப் போன அந்தப் பழந்துணியோட எங்கம்மை நிக்கா. தெருவுல ஆள் நடமாட்டம். கதவச் சாத்திட்டா.

பகல்ல அவ வீட்டுக்குள்ள இருந்து நான் பாத்ததே இல்ல. கதவிடுக்குக்குப் போறா, வாரா. தைக்கலாம்னா சேலை இல்ல. 'பேரு போச்சு, பேரு போச்சு'ன்னு வாய்க்குள்ளயே சொல்லுதா.

பக்கத்து வீட்டுக்காரி வந்து தட்டுனா. "ஏளா சொர்ணம், இன்னைக்குமா தலைவலி?"

எங்கம்மை அத்தை கொரல்ல, "ஆமாக்கா"ன்னா.

மத்தியானம் எங்கிட்ட கேக்கா, "ஏலே, இவ நாள் பூரா இதுக்குள்ள என்னலே செய்வா?"

"கூரைக் கம்ப எண்ணுவா அம்மை."

அண்ணாந்து பாத்தா.

பொழுதடைய அத்தை வந்தா. தலையெல்லாம் தும்பு, காலெல்லாம் கடல் மண்ணு. எங்கம்மை வாரியலத் தூக்கிட்டா.

"அடிக்காதிய மதினி! உங்க பேரு அப்படியே இருக்கு. நாந்தான் பேச்சியம்மான்னு நின்னேன். கணக்கப்பிள்ளை மூஞ்சிய எங்க பாத்தான்? தோள்ல நீலத்தப் பாத்தான், 'பேச்சியம்மா, உள்ள போ'ன்னுட்டான்."

எங்கம்மை வாரியலக் கீழ போட்டா.

"மூணு வருசமா அவங்கிட்ட வேலை பாக்கேன்"னு மட்டும் சொன்னா.

அதுக்குப் பொறவு ஒரு நா இவ, ஒரு நா அவ. வெளிய போறவ பேச்சியம்மா, உள்ள கெடக்கவ சொர்ணம்... தலைவலி.

தன் மொற இல்லாத நாளும் எங்கம்மை வெள்ளி மொளைக்க எந்திச்சு, அத்தை உடுத்தப் போற சேலையத் தைப்பா. இழைய உருவி உருவி, கடைசியில முந்தி தோளத் தாண்டி நாலு வெரக்கடைதான் தொங்கும். அத்தையக் கட்டிக் குடுக்க வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு.

எங்கம்மை போயி நாப்பது வருசமாச்சு. இப்போ அத்தையும்...

பொறந்த வீட்டுக் கோடிச் சேலை நாந்தான் போடணும். மவன் ஜவுளிக்கடையில நின்னு போன் பண்ணுதான், "எப்பா, என்ன கலரு எடுக்க?"

பாக்குக் கலரு... ரெண்டு எடுலேன்னேன்.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணுதானப்பா மொற?"ங்கான்.

மொற ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா?

இந்தா, மருமவ சத்தங் குடுக்கா... "மாமா, கார் வந்துட்டு, எந்திங்க!"

வாரேன் தாயி. போயிட்டு வா அத்தை... ரெண்டு இருந்தாத்தான நீயும் எங்கம்மையும் ஒண்ணா வெளிய போவலாம்.