டிரையர் சூட்டில் காய்ந்த காந்தம்

வினோதா வேலை செய்யும் ஸ்டோரில் கொண்டை ஊசிக்குத் தடை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் தோட்டத்து ஆட்கள் ஸ்டோரு என்பார்கள். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையிலிருந்து ஏறி வரும் பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் இடத்தில், தகரத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்த பெரிய கட்டடம். அதன் சலிக்கும் அறைக்குள் போகிற பெண்கள் துணித்தொப்பி போட வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும், ஊசி, பின் எதுவும் கூடாது. இவ்வளவு செய்தும் தூளுக்குள் இரும்பு வராமல் இருக்காது. இலை உருட்டும் ரோலர் தேய்ந்த பொடி வரும், கழன்ற ஆணி வரும், எங்கிருந்து முளைத்தது என்றே தெரியாத கம்பித் துண்டு வரும். அதையெல்லாம் பிடித்துக்கொள்ளத் தூள் சரிந்து விழும் தகரத் தடத்துக்கு மேல் ஒரு காந்தம் மாட்டியிருப்பார்கள். அந்தக் காந்தத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது வினோதாவின் பொறுப்பு.

முன்னே அது அவள் புருஷன் சோலைமலையின் பொறுப்பாக இருந்தது. சோலைமலைக்கு டிரையரில் வேலை. ஈரம் மாறாமல் வரும் இலையைச் சுடு காற்றில் காய வைத்துக் கறுப்பாக்கி வெளியே தள்ளும் இயந்திரம் அது. மலைக்கு மேல் பனி இறங்கி எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கும் நாளிலும் அவர் மட்டும் வெறும் பனியனோடு வேர்வை சொட்ட நிற்பார். சூட்டிலேயே நின்றவருக்குக் குணம் மட்டும் ஐஸ்கட்டி. கோபித்து யாரும் பார்த்ததில்லை.

வினோதா ஸ்டோருக்கு வந்த புதிதில்தான் அந்த ஊசி விவகாரம் நடந்தது. கொண்டை போடும்போது ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பது அவள் வழக்கம். கடித்துக் கடித்து ஊசியின் ஒரு கால் கோணலாகிவிட்டிருந்தது. ஒரு நாள் அதைக் கழற்ற மறந்து சலிக்கும் அறைக்குள் போய்விட்டாள். மத்தியானம் தலையைத் தடவிப் பார்த்தால் ஊசியைக் காணோம். ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரிதான் டீமேக்கர்; அந்தக் காலத்து டீமேக்கர் ஒரு எரிமலை. தூளுக்குள் ஊசி போட்டவள் யாரென்று தெரிந்தால் மறுநாளே கூடையைக் கட்டிக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிடுவார். வினோதா ராத்திரி சோறு தொடவில்லை.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் டிரையர்க்காரர் வந்து, யாரும் பார்க்காத சமயமாக அவள் கையில் ஒரு ஊசியை வைத்தார்.

"காந்தத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லலீங்க."

வினோதா ஊசியைப் பார்த்தாள். நேராக இருந்தது. மினுங்கியது.

"இது என்னுது இல்லையே. என்னுது வளைஞ்சிருக்கும்."

"நிமித்திட்டேன்."

"புதுசாட்டம் மினுங்குது?"

"எண்ணெ போட்டுத் தொடச்சேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் டிரையர் பக்கம் போய்விட்டார். அடுத்த தை மாதமே கல்யாணம். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் வினோதா அந்த ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எண்ணெ போட்டுத்தான் தொடச்சேன்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. மற்ற எதிலும் பொய் சொல்லத் தெரியாத மனுஷர் இந்த ஒன்றில் மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை.

ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் மற்றவர்கள் இயந்திரங்களுக்கு மாலை போடுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். சோலைமலை காந்தத்தைக் குளிப்பாட்டுவார். இரும்புத் தட்டில் பதித்த கறுப்புப் பாளம் அது, கருங்கல் மாதிரி கனக்கும். அதில் ஒட்டிய தூசியை மஞ்சள் தண்ணீரால் கழுவுவார். ஈரத்தோடு மாட்டினால் தூள் அப்பிக்கொள்ளும் என்பதால் டிரையரின் வாய்ப்பக்கம் சூடான தகட்டில் வைத்துக் காய விடுவார். பிறகு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, பழையபடி மாட்டுவார். கண்ணுக்குத் தெரியாத அழுக்கைப் பிடித்துக்கொடுக்கிறதே, அதுவும் சாமிதான் என்பது அவர் கட்சி.

கொரோனா ஓய்ந்து ஸ்டோரு பழையபடி ஓட ஆரம்பித்த வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று டிரையர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே வினோதா டீமேக்கரிடம் போய்க் காந்தத்தைத் துடைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பாளத்தில் கை வைக்கும்போது அவர் கை பட்ட இடத்தில் வைக்கிறோம் என்று அவளுக்கு இருந்தது. அந்த நினைப்பு ஒரு நாளை ஓட்டப் போதுமானதாக இருந்தது.

போன வருஷம் அதற்கும் வேட்டு வந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் இரும்புப் பொடி துளியும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இப்போதைய டீமேக்கர் ஜனகன் கொழும்பிலிருந்து புதுக் காந்தம் வரவழைத்தார். வெள்ளியாய்ப் பளபளக்கும் குழாய்க் கம்பிகள். பார்க்க ஒல்லி, பலத்தில் ராட்சசன். ஸ்பானரைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. சலிக்கும் அறை அன்னம்மா ஊரெல்லாம் தங்கம் என்று காட்டிய சங்கிலி ஒரு நாள் தாவிப் போய்க் கம்பியில் ஒட்டிக்கொள்ள, அந்த வாரம் முழுக்க ஸ்டோரில் வேறு பேச்சே இல்லை.

பழைய பாளத்தை அது இருந்த சட்டத்தோடு சேர்த்துக் கழற்றிப் பட்டறைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் போட்டார்கள். தீபாவளி கழிந்ததும் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

"அத எனக்குக் குடுத்திருங்க சேர்" என்று கேட்டாள் வினோதா.

"எஸ்டேட் சாமான வீட்டுக்குக் குடுக்க ஏலாது வினோதாக்கா. எனக்குப் பிரச்சினையாயிரும்."

"அப்ப இங்கயே ஒரு மூலையில கெடக்கட்டும்."

"வேலைக்கு ஆகாதத வச்சு என்ன செய்றது?"

வினோதா துணியை எடுத்துக்கொண்டு சலிக்கும் அறைக்குத் திரும்பினாள். லொறி வரும் நாளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஆயுத பூசை வந்தது. சாமி மாறினாலும் பூசை மாறக் கூடாது என்று நினைத்தாள் வினோதா. புதுக் கம்பிகளை அவர் செய்த மாதிரியே மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். அவர் வைத்த அதே தகட்டில், டிரையரின் வாயோரம் காய வைத்தாள். பொட்டு வைத்து மாட்டியதும் கண் கலங்கிவிட்டது. செய்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

குறை சில நாளில் தெரிந்தது. அனுப்பிய தூளில் இரும்பு இருக்கிறதென்று கொழும்பிலிருந்து போன் வந்தது. ஜனகன் கம்பியை எடுத்து ஒரு நட்டின் மேல் வைத்துத் தூக்கினார். நட்டு கூட வரவில்லை. விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் போனில் கத்திய கத்தல் மேலே இலை வாட்டும் வாடல் மாடிவரை கேட்டது.

விற்ற கம்பெனியிலிருந்து தக்ஷிகா என்ற பெண் வந்தாள். இன்ஜினியர். வினோதா "வாங்க மிஸ்" என்றதும் சிரித்தாள். "நான் இங்க பக்கத்துல கந்தப்பளைதாங்க்கா. எங்கப்பாவுக்கு அங்க கடை. மிஸ் எல்லாம் வேணாம்." கம்பிகளை ஒரு கருவியால் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுல எங்கயாச்சும் சூடு பட்டுச்சா?"

ஜனகன் இல்லை என்று தலையாட்ட, வினோதா முன்னே வந்தாள்.

"பட்டுச்சு. நான்தான் பூசைக்குக் கழுவி டிரையர்ல காய வச்சேன்."

ஜனகனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேரிடம் கத்தியது வீண் அல்லவா? "டிரையர்ல வைக்கச் சொல்லி ஒங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"யாரும் சொல்லல சேர். எங்க வீட்டு ஆளு அப்பிடித்தான் காய வைப்பாரு."

 தக்ஷிகா மெதுவாகச் சொன்னாள். "அவரு செஞ்சது தப்பில்லக்கா. அது வேற சாதிக் காந்தம். இரும்புத் துருவோட இன்னொரு பொடியச் சேத்துச் சுட்டு எடுத்தது. பலம் கம்மி, ஆனா டிரையர் சூட்டையெல்லாம் தாங்கும். இது நியோடைமியம்னு ஒரு உலோகத்த இரும்போட கலந்து செய்றது. அரிய மண்ணுன்னு ஒரு கூட்டம் உலோகம் இருக்கு, அதுல ஒன்னு. பலத்துல இத மிஞ்ச ஆளில்ல. ஆனா இந்த மாதிரிக் கம்பிக்குச் சூடு ஆகாது. தண்ணி கொதிக்கிற சூடு வர்றதுக்குள்ளயே சோந்து போயிரும்."

"அப்ப கெட்டுப்போச்சு. பள்ளத்துல போட்டுட்டுப் புதுசு வாங்குவோம்" என்றார் ஜனகன். பள்ளம் என்பது ஸ்டோருக்குக் கீழே எல்லாக் குப்பையும் போகிற இடம். அதற்கும் கீழே ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம்.

"போட்டுறாதீங்க" என்றாள் தக்ஷிகா. "இத எடுக்கிறதுக்கு ஒரு மலையையே அழிச்சிருக்காங்க."

"அவ்வளவு அபூர்வமான மண்ணா?" என்று கேட்டாள் வினோதா.

"பேருதான் அபூர்வம். நெறைய எடத்துல இருக்கு, ஆனா ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்காது. கொஞ்சமா எடுக்கவே நெறைய மண்ணக் கரைக்கணும். கூடுதலா சீனாவுலதான். சில எடத்துல பாறைய ஒடச்சு அமிலத்துல போடுவாங்க. சில எடத்துல, பர்மாப் பக்கமும்தான், மலைக்கு மேல துளை போட்டு மருந்துத் தண்ணிய எறக்கி, கீழ ஒழுகி வர்றதக் குட்டையில புடிப்பாங்க. மரமெல்லாம் போயிரும். ஓடைத் தண்ணியக் குடிக்க ஏலாது. மழைக்கு மலை சரிஞ்சுரும்."

 வினோதாவின் லயத்துக்கு மேலேயும் மலைதான். அடைமழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தவர்கள் அவர்கள்.

"அந்த மலைக்குக் கீழயும் லயம் இருக்குமா?"

"லயம் இல்லக்கா. ஊரு இருக்கு."

"அவங்க எங்க போய்ப் படுப்பாங்களோ" என்றாள் வினோதா. தன் தூள் சுத்தமாக இருப்பதற்கு முகம் தெரியாத யாரோ தண்ணீரைப் பறிகொடுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

தக்ஷிகா கம்பிகளைத் துணியில் சுற்றினாள். "செத்துப் போகல, அசந்து கெடக்கு. கொழும்புல மறுபடி காந்தம் ஏத்திக் கொண்டாந்து தாரேன்."

"அதுவரைக்கும் ஸ்டோர மூடவா?" என்றார் ஜனகன்.

"பழசு இல்லையா?"

லொறி இன்னும் வந்திருக்கவில்லை. இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் வீரய்யாவைப் பாளத்தை எடுத்துவர அனுப்பினார்கள். தக்ஷிகா சலிக்கும் அறையிலிருந்து டிரையர் வரை நடந்து பார்த்துவிட்டு ஜனகனிடம் சொன்னாள். "பழச டிரையர் வாயிலயே மாட்டிருங்க சேர். தூள் சூடா விழுகுற எடம், அங்க எங்க கம்பி நிக்காது, இதுதான் நிக்கும். பெரிய இரும்ப இது புடிச்சிரட்டும், பொடியக் கடைசியில சலிக்கிற எடத்துல எங்க கம்பி பாத்துக்கும்."

ஜனகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நிரந்தரமாவே இருக்கட்டும்" என்றார். வினோதாவைப் பார்த்து, "பூசைக்குக் காய வைக்கவும் லேசு" என்று சேர்த்துக்கொண்டார். கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

பூசைக்கு ஆசைப்பட்டுச் செய்த தப்புதான் பாளத்தைக் காப்பாற்றியது. சோலைமலை வேர்வையோடு நின்ற அதே இடத்துக்கு அது திரும்பி வந்துவிட்டது. வினோதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மழையில் நனைந்து கிடந்ததைத் துணி எடுத்துத் துடைக்கப் போனாள். துரு தட்டி மறுபடி பூட்டுவதற்காக வீரய்யா பழைய சட்டத்தை அதிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, இது என்னமோ தட்டுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கு. வெளியில இருந்து தெரியல. யாரோ சட்டத்தக் கழட்டித்தான் வச்சிருக்கணும்."

ஒரு கொண்டை ஊசி. துருவேறிக் கறுத்திருந்தது. ஒரு கால் கோணல்.

வினோதா அதைக் காந்தத்திலிருந்து பிய்த்தெடுத்தாள். லேசில் வரவில்லை. துடைத்து, வாயில் வைத்து, பழைய வழக்கம்போல் கடித்துப் பார்த்தாள். கோணல் பல்லுக்குச் சரியாக உட்கார்ந்தது.

"எண்ணெ போட்டுத் தொடச்சாராம்" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

வீரய்யா ஸ்பானரோடு காத்துக்கொண்டு நின்றார். "அதத் தூரப் போட்டுருவோமா? ஸ்டோருக்குள்ள ஊசி ஆகாதே."

"உள்ளயிருந்து எங்க விழுகப் போகுது. இத்தன வருஷம் புடிச்சு வச்சிருந்துச்சே" என்று சொல்லி, ஊசியை இருந்த இடத்திலேயே ஒட்ட வைத்தாள். "நல்லா முறுக்கிப் பூட்டுங்கண்ணே."