கம்பெனி வாசலில் மஞ்சள் பூ

ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நிழலுக்கு ஒரு மரம் வைக்கத் துப்பில்லை, கம்பெனி வாசலில் அழகுக்கென்று தரையோடு படரும் மஞ்சள் பூச்செடியை மட்டும் பாய் போல விரித்திருக்கிறார்கள். ஷிப்டு முடிந்த பெண்கள் அதைக் கைநிறையப் பறித்துப் பைக்குள் திணிக்கிறார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணியாம், முடி கொட்டாமலிருக்க எண்ணெய் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்களாம். பார்க்க அதே மாதிரி இருக்கிறது, ஆனால் இது வெறும் அலங்காரச் செடி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இது அதில்லைம்மா" என்று கத்த வாயெடுத்ததும் தோட்ட வேலை பார்க்கும் அக்கா தடுக்கிறாள். "யோவ், சும்மா இருய்யா. செடி ரோட்டுக்கு வந்தா சூப்பர்வைசர் என்னத்தான் திட்றான். குனிஞ்சா முதுவு புட்டுக்குது. இதுங்க பறிச்சிக்கினு போறதாலதான் என் வேல போவாம நிக்கிது. உனுக்கு இன்னா?"

அடிப்பாவி. நேராகப் போய்ப் பறிக்கும் பெண் ஒருத்தியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை.

"தெரியும்ணே," என்று கிசுகிசுக்கிறாள். "எங்கூரு வரப்பு பூரா கரிசலாங்கண்ணிதான். இத போற வழியில குப்பையில போட்டுருவோம். அந்தக்காவால குனிய முடியல. உதவின்னு சொன்னா வேண்டாங்கும். அதுட்ட சொல்லிராதிய."

திட்ட ஆளில்லாமல் போய்விட்டது. ரோட்டுக்கு நீண்ட ஒரு கொடியை நானும் குனிந்து பிடுங்குகிறேன்.

"இன்னாயா, உனுக்கும் முடி கொட்டுதா?" அக்கா சிரிக்கிறாள்.

"ஆமாக்கா," என்கிறேன்.