நடைபாலமும் நான் அழித்த குறிப்பும்

ஒரு பெண்ணின் மேல் விழுந்த திருட்டுப் பழியைத் துடைக்கக்கூடிய ஒரே குறிப்பை நான் என் கையால் அழித்தேன். கைப்பேசியில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். கையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்தியத் தலைநகரில், ஜனக்புரியை ஒட்டிய எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. சாக்கடை என்று சொல்லக் கூசி எல்லோரும் இந்திப் பெயரையே வைத்துக்கொண்டோம். அதன் குறுக்கே, எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒரு நடைபாலம். விடுமுறைக்கு வந்த என் மகள் அதன் அடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியை ஒளித்து வைத்தாள். உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டாம். பெட்டி இருக்கும் இடத்தை இணையத்தில் குறித்துவிடுவார்கள். யார் யாரோ கைப்பேசியோடு தேடி வந்து, உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "கண்டேன்" என்று இணையப் பக்கத்தில் குறிப்புப் போடுவார்கள். "ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ஏத்த வேலைப்பா, பெட்டிய நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் விமானம் ஏறினாள்.

அந்தப் பக்கத்தில் இடத்தின் வரலாறும் வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த ஆத்தூர்க்காரம்மாவிடம் கேட்டேன். அக்கரைக் குடிசைப் பகுதியில் இருப்பவர். "இந்த ஃபிளாட்டெல்லாம் கட்டறதுக்குத்தான் சார் எங்க சனங்க வந்தாங்க. இந்தப் பாலத்துக்கு எங்கம்மா ஜல்லி சொமந்துச்சு" என்றார். காலனிவாசிகளின் முயற்சியால் கட்டப்பட்டது என்று நான் எழுதினேன். அப்போது அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை.

மழைக்காலத்தில் பெட்டியை வீட்டில் எடுத்து வைத்திருந்தேன். மழை ஓய்ந்து திரும்ப வைக்கப் போனபோது பழைய இடுக்கில் சேறு அப்பியிருந்தது. அக்கரைத் தூணின் இடுக்கில் வைத்துவிட்டு வந்தேன். இணையத்தில் இடத்தை மாற்றவில்லை. வைத்த இடமும் மறந்துபோயிற்று. வந்தவர்கள் "கிடைக்கவில்லை" என்று எழுத ஆரம்பித்தார்கள். நானும் பழைய இடுக்கில்தான் கைவிட்டுத் துழாவினேன். "ஒளித்து வைத்த இடம் அந்தம்மாவுக்குத் தெரியும்" என்று காலனிச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் காலை, பெட்டியைத் திருடியவர் அவர்தான் என்று, காலனிக்குள் வருவதற்கான அவருடைய பாஸைப் பறித்துக்கொண்டார்கள். பாலத்து முனையில் காவலாளி மறித்து நிற்க, அவர் எங்கள் பால்கனியைப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க சார், இந்த வாட்ச்மேன் பையாகிட்ட!" என்று கத்தினார். நான் உள்ளே போனேன். காலனியில் அவர் பார்த்த அத்தனை வீட்டு வேலையும் ஒரே நாளில் போயிற்று. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அவர் மகள் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில வாரங்கள் கழித்து யாரோ ஒருவர், "பெட்டி அக்கரைத் தூணில் இருக்கிறது" என்று படத்தோடு எழுதினார். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கத்தைப் பராமரிப்பவனுக்குக் குறிப்பை நீக்கும் உரிமை உண்டு. நீக்கினேன். இருட்டுவதற்குள் போய்ப் பெட்டியைப் பழைய இடுக்கிலேயே வைத்தேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் சும்மா இருந்தேன். பிறகு ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் தெரியவில்லை. அழுகை வரும் என்று பயந்திருந்தேன், எதுவும் வரவில்லை. "ஜானே தீஜியே அங்கிள்ஜி" என்று, போகட்டும் விடுங்கள் என்கிற தொனியில், செயலாளர் பாஸை எடுத்துக் கொடுத்தார்.

அதைக் கொண்டு பாலத்தைக் கடந்து போனேன். ஆத்தூர்க்காரம்மா குழாயடியில் இருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கோபமில்லாமல் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும் சார். அந்தப் பொட்டில என்னதான் இருந்துச்சு?" என்றார்.

"ஒரு தாள், குட்டிப் பென்சில், ஒரு ரப்பர் பொம்மை, சட்டைப் பட்டன்."

"அடியே, பட்டனாண்டி!" என்று பக்கத்துப் பெண்ணின் முதுகில் அறைந்தார். "நான் எத்தினி நாளு ரோசன பண்ணியிருப்பேன், தங்க நவையா, ரூவாயான்னு. பட்டனாம்!" குழாயடியே சிரித்தது. கடைசியில் அவர் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்பொண்ணு காலேஜு போச்சே சார், பட்டனுக்கு" என்றார். ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்றேன். "அவ மாட்டா சார். இனிமே சின்னப் புள்ளைங்ககூட ஒக்காரணுமேன்னு வெக்கப்படுறா." பாஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இணையப் பக்கத்தில் வரலாற்றைத் திருத்தி, நான் செய்ததையும் எழுதினேன். "சுவையான தகவல், பெட்டிக்கு நன்றி" என்று ஒருவர் குறிப்புப் போட்டார்.

ஆத்தூர்க்காரம்மா இப்போது மறுபடி காலனிக்கு வருகிறார், எங்கள் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. மாலையில் நான் பாலத்தில் நடக்கும்போது எதிரே வருவார். வந்து நின்று துணிப்பையை இரண்டு கையாலும் அகல விரித்து, "பாத்துக்கங்க சார்" என்பார். சிரிக்கிறாரா என்று தெரிவதில்லை. டிபன் டப்பா, குடை, யார் வீட்டிலோ கொடுத்த ரொட்டி. குறுகிய பாலம், அவர் நகராமல் நானும் நகர முடியாது. நான் குனிந்து பார்த்து, "பாத்தாச்சும்மா" என்று சொன்ன பிறகுதான் வழிவிடுகிறார்.