புத்தகம் மேட்டில், கம்ப்யூட்டர் பள்ளத்தில்

அநியாயம் நடந்தது எங்கள் எம்.சி.ஏ. வகுப்புக்கு. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில் வெப்சைட் கட்டச் சொல்லித்தரும் புத்தகம் கேட்டோம். கிடைத்தது, ஆனால் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் படிக்க விடவில்லை. மாதக் கடைசியில் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும், சைட் ஓடாவிட்டால் அரியர். கல்லூரி நூலகத்தில் நான் பகுதிநேர வேலை பார்ப்பதால் புத்தகத் தேர்வு என் தலையில் விழுந்தது. நாலு பேருக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அந்த நாலு பேரிடமும் திட்டு வாங்கியவர்களே, இது உங்களுக்குத்தான். நெட்டில் பார்த்தால் என்ன என்று கேட்காதீர்கள்; கொடைக்கானலில் மழைக்கு முன்னாடியே ஓடிப்போவது அதுதான்.

தலையணை

மதுரை சப்ளையர் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்ததும் நூலகர் ஸ்டெல்லா மேடத்தின் கை நேராகத் தலையணை சைஸ் புத்தகத்துக்குப் போனது. புரட்டினேன். இன்டர்நெட் பிறந்த கதை, வளர்ந்த கதை எல்லாம் முடிந்து, கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று வாயெடுக்கும்போது புத்தகமே தீர்ந்துவிடுகிறது. அடியில் ஒல்லியாக ஒன்று கிடந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஆர்டர் எடுக்கும் சைட் ஒன்றைத் தொடங்கி, அத்தியாயத்துக்கு ஒரு கிளாஸாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. இதுதான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றேன்.

மேடம் தலையணையைத் தட்டிக்கொடுத்தார். "ஒல்லிப் புத்தகத்த ரெண்டாம் நாளே பையில போட்டுட்டுப் போயிருவாளுக. இத எவம்மா தூக்குவா?"

சப்ளையர்

அவரிடமே கேட்டேன்: இந்த ஒல்லிப் புத்தகத்தில் இருப்பது பழைய பாணி ப்ரோகிராம் கோடா, புது பாணியா? டேட்டாபேஸோடு பேசுவதற்குத் தனி கிளாஸ் உண்டா? மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, பில்லுல சீல் இருக்கான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

நாய்

வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெயந்தி என் வகுப்புத் தோழி. வீட்டில் கேரட் விவசாயம். அவள் தூங்காமல் படித்தால் அது நல்ல புத்தகம். இதுதான் என் பரிசோதனை. தலையணையைக் கொடுத்தேன். கிளாஸ் என்றால் என்ன என்று விளக்க அதில் விலங்கு என்று ஒரு கிளாஸ், அதற்குக் கீழே நாய், நாய்க்குக் குரைக்கும் ஃபங்ஷன். வீடு திரும்பும் பஸ் ஊருக்குள்ளேயே இருக்கும் மூஞ்சிக்கல் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் அவள் தூங்கியாயிற்று. ஒல்லியைக் கொடுத்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டாள்.

மறுநாள் மேடத்திடம் சாட்சி சொல்ல அவளையே கூட்டிப்போனேன். "நாயைக் குரைக்க விட்டு நான் என்ன மேடம் செய்ய? எங்கப்பா அனுப்புன கேரட் லோடு எந்த மண்டில கெடக்குன்னு சொல்ற சைட்டுல்ல எனக்கு வேணும்."

ஒல்லி ஜெயித்தது.

அஞ்சல் ஓட்டம்

ஜெயித்த கையோடு மேடம் அதில் 'ரெஃபரன்ஸ்' முத்திரை குத்தினார். நூலகத்தை விட்டு நகரக்கூடாது. நூலகத்துக்குள் போன், லேப்டாப் கூடாது. கீழே சரிவில் இருக்கும் லேப்புக்குள் புத்தகம் கூடாது. ஆக, மேலே ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்து, கீழே ஓடி டைப் அடித்து, எர்ரர் வந்ததும் மறுபடி மேலே ஓடினோம். முட்டி கழன்றதும் முறையை மாற்றினோம். நான் நூலக ஜன்னலில் நின்று கத்துவேன், ஜெயந்தி லேப் ஜன்னலில் நின்று வாங்கி உள்ளே சொல்வாள். மூடுபனி இறங்கிவிட்டால் ஆளே தெரியாது. அரைப்புள்ளி, அம்புக்குறி, அடைப்பைத் திற, அடைப்பை மூடு என்று வெள்ளையாக இருக்கும் வெளியில் குரல் மட்டும் போய் வரும். சிரிப்பில் பாதி கோடு தப்பாகப் போய்ச் சேர்ந்தது. சைட் ஓடவில்லை.

வாட்ச்மேன் அந்தோணி அண்ணன் நடுவழியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "யம்மா, இது படிப்பா சண்டையா? சண்டைன்னா சொல்லுங்க, வெலக்கிவிட்டுட்டு என் சோலியப் பாக்கப் போறேன்."

தீர்ப்பு

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் லேப் பொறுப்பாளர் குணசேகரன் சாரிடம் போனேன். சமையல் குறிப்பைத் தெருவில் படித்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவா என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா என்று தொடங்கினேன். புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வைரஸ் தொற்றாது என்றேன். விதி எழுதிய பலகையே லேப்புக்குள்தான் இருக்கிறது, அதைப் படித்தாலும் குற்றமா என்றேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் சார் நூலகத்துக்குப் போன் செய்தார். ஸ்டெல்லா மேடம் தானே புத்தகத்தைக் கொண்டுவந்து ஜெயந்தியின் கையில் கொடுத்தார். லேப்புக்குள் போக நானும் செருப்பைக் கழற்றினேன். சார் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"புத்தகம் உள்ள வரட்டும்மா. நீ மட்டும் கொஞ்ச நேரம் வெளியவே நில்லு, மத்த புள்ளைக வெரசா வேலைய முடிச்சிரட்டும்."