நாக்கைச் சோதித்த வாட்ச்மேன்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன மருந்து கம்பெனியில் நான் கெமிஸ்ட். பிஸ்மத் என்கிற உலோகம் சேர்ந்த வயிற்றுப்புண் மாத்திரை அங்கே தயாரானது. ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் வாட்ச்மேன் எல்லாருடைய நாக்கையும் பார்ப்பார். மாத்திரையைத் திருடி மென்றவன் நாக்கு கறுத்திருக்கும். மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது.

காதைத் தொடும் மீசை அவருக்கு. பட்டப்பகலிலும் டார்ச் அடித்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கர்ப்பக்கிருகத்தை எட்டிப் பார்ப்பதுபோல் பயபக்தியோடு ஒவ்வொரு வாய்க்குள்ளும் குனிவார்.

ஒருநாள் மெஸ் சாம்பார் நெஞ்சை எரிக்க, நானும் இரண்டு மாத்திரையை மென்றுவிட்டேன்.

“இன்னா சார், நாக்கு தார் ரோடு மாரி கீது?”

“நாவல்பழம், அண்ணே.”

“நாவப்பழம் ஊதா சார். ஆமா, இந்த மாத்திர ஏன் சார் கறுக்குது? கேட்டா யாரும் சொல்ல மாட்டேன்றாங்க.”

வாயை மூடியிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. பிஸ்மத் எச்சிலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பு பிஸ்மத் சல்பைடு ஆகிறது என்று பாடமே நடத்தினேன்.

“மெல்லாம முழுங்குனா நாக்கு கறுக்காது அண்ணே. குடல்லதான் கறுக்கும். மறுநாள் கக்கூஸ்ல பாத்தாதான் தெரியும்.”

டார்ச் அணைந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒன்னியும் பாக்கல, நீங்க கெளம்புங்க. இந்தக் கடைசி விசயத்த மட்டும் மேனேஜர் காதுல போட்டுடாதீங்க சார். அதையும் நாளைக்கு என்னையே பாக்கச் சொல்வாரு.”

என் கெமிஸ்ட்ரியைக் கேட்டு நடுங்கிய ஒரே மனிதர் அவர்தான்.